பெயர் வெட்டாத சாமான்

எங்கள் பக்கத்தில் கரண்டிக்குக்கூடப் பெயர் உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான் ஒவ்வொன்றிலும் முதலெழுத்துக்கள் வெட்டியிருக்கும். பட்டியலில் எண்ணிக்கையோடு ஏறியிருக்கும். ஒரே வளவில் ஐந்து புள்ளிகள் புழங்கினாலும் எந்த அண்டா யாருடையது என்பதில் சந்தேகம் வராது. அப்படிப்பட்ட வீட்டில்தான் பெயரில்லாமல் பதினேழு பிலிம் சுருள்கள் கிடந்தன.

போன சித்திரையில் காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டு அறையைத் திறந்ததும் காடி வாடை. ஊறுகாய்ச் சாடி ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். வாடை தகரப் பெட்டியிலிருந்து வந்தது. பினாங்கிலிருந்து திரும்பியபோது அப்பச்சி கொண்டுவந்த கேமிராவில் 1960களில் எடுத்த 8 மில்லிமீட்டர் சுருள்கள். சில ஸ்பூல் டேப்புகள். எண்பதுகளின் கலியாண வீடியோ கேஸட்டுகள். அஸிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அஸிடிக் அமிலம் வெளிவருகிறது. அந்த ஆவி வெளியேறாமல் அடைபட்டால் சிதைவு இன்னும் விரைவாகிறது, பக்கத்துச் சுருளுக்கும் தொற்றுகிறது. பத்திரம் என்று அழுந்த மூடி வைத்ததே வினையாயிற்று. பூட்டி வைப்பது வேறு, பாதுகாப்பது வேறு.

சுருங்கி வளைந்த நான்கைத் தனியே எடுத்து வைத்தேன். மற்றவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோய் எண்வடிவில் மாற்றி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஒரு சுருள் 50 அடி, ஏறத்தாழ நான்கு நிமிஷம். சிரமம் அதற்குப் பிறகுதான். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கேட்டது. வருஷப்படி அடுக்குவதா, விசேஷப்படியா, ஆள்படியா? எதற்கும் யாரென்று தெரிந்தாக வேண்டும். முகப்பில் உட்கார்ந்து சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் எனக்கு அந்நியர்கள்.

பக்கத்துக் கோட்டையூர்க்காரர்கள் இருவரை நினைத்துக்கொண்டேன். ஏ. கே. செட்டியார் காந்தியைப் பற்றிய பிலிம் துண்டுகளை உலகம் சுற்றிச் சேகரித்து 1940ல் படமாக வெளியிட்டார். அந்தத் தமிழ் வடிவம் இன்று கிடைப்பதில்லை. 1953ன் ஆங்கில வடிவம்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது. உருவம் தங்கிற்று, தமிழ்க் குரல் போயிற்று. ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று எதையும் கழிக்காமல் சேர்த்தார். அவர் 1992ல் மறைந்தபின் அத்தனையும் சென்னைக்குப் போய் நூலகமாயிற்று. சேர்ப்பது பாதிதான், மற்றவன் கை வைத்து எடுக்கும்படி விட்டுப்போவது மீதிப் பாதி.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெயர் வெட்டிய பாத்திரங்கள் விலைக்குக் கிடக்கின்றன. அங்கே ஆளில்லாத பெயர்கள். என் பெட்டியில் பெயரில்லாத ஆட்கள்.

அயித்தைக்கு வயது எண்பத்தெட்டு. பட்டாலையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். தயக்கமே இல்லை.

"இது நம்ம வீடு இல்ல தம்பி. தேவகோட்டை. தூணைப் பாரு." பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. யாருக்கு யார் என்ன முறை, எந்தக் கோவில், யார் கொண்டுவிற்கப் போய்த் திரும்பவில்லை. மூன்று நாளில் ஒரு நோட்டு நிரம்பியது.

பதினொன்றாவது சுருளில் ஒரு பெண் வாசலில் கோலமிடுகிறாள். கேமிரா அருகே வருகிறது. நிமிர்ந்து பார்க்கிறாள், சிரிக்கவில்லை, கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். ஆறு விநாடி இருக்கும். கலியாணச் சுருள்களில்கூட அப்பச்சியின் கேமிரா இவ்வளவு நேரம் ஒருவரிடம் நின்றதில்லை.

அயித்தை பேசவில்லை.

"யாரு அயித்தை?"

"அடுத்ததைப் போடு."

மறுநாள் அவர்களாகவே சொன்னார்கள்: "அந்தப் புள்ள பேரை எழுதாதே."

நான் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றியே ஆக வேண்டும் என்ற வெறியும் ஒருவகைப் பேராசைதான். ஆனால் வெறும் எண்ணோடு விட்டுவிடவும் மனம் வரவில்லை. "கோலமிடும் பெண். வாசல். பெயர் அயித்தைக்குத் தெரியும்" என்று பதிந்து வைத்தேன்.

ஐப்பசியில் அயித்தை காலமானார்கள். அந்தக் கடைசி வார்த்தையை இன்னும் திருத்தவில்லை.