பூமலைப் புல்வெளியில் ஒரு மாலை

சிங்கப்பூர் போய் வந்தோம் என்று சொல்லும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேக்காவில் சாப்பிட்டோம், முஸ்தபாவில் சாமான் வாங்கினோம், வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம், திரும்பி விட்டோம் என்பார்கள். பூமலைக்குப் போகவில்லையா என்று கேட்டால், "நாம பார்க்காத மரமா, செடியா?" என்று சிரிப்பார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இப்போது உங்களை அங்கே அழைத்துப் போகப் போகிறேன். பூப் பார்க்க அல்ல, வாத்திய இசை கேட்க.

அதற்கு முன் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். என் தங்கை குடும்பம் கூலாய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், எங்கள் அம்மா என்று ஆறு பேர். பெரியவள் பள்ளிப் பாட்டுப் போட்டிகளில் பரிசு வாங்குகிறவள். பட்டணத்தில் ஒரு சினிமா இசை நிகழ்ச்சி நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். மலிவான டிக்கெட்டே 99 ரிங்கிட். இடுப்பில் இருக்கிற கடைக்குட்டிக்கும் முழு டிக்கெட் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு பேருக்கு 594 ரிங்கிட். 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய் ஒரே ராத்திரியில் யார் கொட்டுவார்கள்? கடைசியில் மாப்பிள்ளை பெரியவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். மற்ற நால்வரும் வீட்டில் இருந்து, அவர் கைப்பேசியில் அனுப்பிய துண்டுப் படங்களைப் பார்த்தார்கள். திரும்பி வந்த பெண்ணிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் மாமா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பேச்சுதான் எங்கள் ஆறு பேரையும் (என்னோடு ஏழு) பூமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பூமலை என்பது சிங்கப்பூர்த் தமிழர் வைத்த அழகான பெயர். அரசாங்கப் பெயர் பொட்டானிக் கார்டன்ஸ். 1859இல் இப்போதைய இடத்தில் தொடங்கியது. இன்று 200 ஏக்கருக்குச் சற்று மேல். 2015இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமை இடங்களில் சேர்த்தது. விடியற்காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டம் ஒன்றுக்கு மட்டும்தான் காசு.

ஜொகூர் பாருவிலிருந்து போவதும் கடினமில்லை. லார்க்கினில் புறப்படும் 170ஆம் எண் பேருந்து, பாலம் கடந்து புக்கிட் தீமாப் பக்கமாகத்தான் போகிறது. பொட்டானிக் கார்டன்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகே இறங்கிக் கொள்ளலாம். கடப்பிதழோடு, வருகை அட்டையையும் மூன்று நாளுக்குள் கைப்பேசியிலேயே நிரப்பி வைத்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் பையில் சுவிங்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்ததால் சிங்கப்பூரின் ஞாயிற்றுக்கிழமை நமக்கு எட்டாமல் இருந்தது. 2025 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. இனி அந்தச் சாக்கும் இல்லை.

புக்கிட் தீமா வாசலில் நுழைந்தால் இசை மேடைக்குச் சின்னப் பிள்ளைகளோடு அரை மணி நேர நடை. அம்மா பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் பால்மரம் வெட்டிய கால்கள் அவருடையவை. அவரோடு உட்கார்ந்து இந்த இடத்தின் கதையைச் சொன்னேன்.

பிரேசில் நாட்டு ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டு, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. 1888இல் இந்தப் பூமலைக்கு அதிகாரியாக வந்தவர் ரிட்லி என்ற வெள்ளைக்காரர். காப்பித் தோட்டத் துரைமார்களைக் கண்டால் சட்டைப்பையிலிருந்து ரப்பர் விதையை எடுத்துக் கொடுத்து, நடு நடு என்று நச்சரிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்றே அவருக்குப் பெயர். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டு முறையை 1890களில் இங்கேதான் அவர் சோதித்துக் கண்டுபிடித்தார். நூறு வயது வாழ்ந்து 1956இல் இறந்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் காலையில நாலு மணிக்கு எழுந்திருச்சதுக்கு இவர்தான் காரணமா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? உங்களில் எத்தனை பேருடைய பாட்டன், பாட்டி கப்பலேறியதற்கும் மூலம் இந்த மண்ணில்தான் இருக்கிறது. நம் குடும்பங்கள் இந்தத் தோட்டத்துக்கு விருந்தாளிகள் அல்ல என்று எனக்குத் தோன்றியது.

மேடை ஒரு குளத்தின் நடுவில் இருக்கிறது. ஷா அறக்கட்டளையின் பெயரைத் தாங்கியது. குளத்தைச் சுற்றிச் சரிவான புல்வெளி. நாற்காலி இல்லை, வரிசை எண் இல்லை, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு இல்லை. பாயை விரித்த இடம் உங்கள் இடம். எங்களுக்கு முன்னால் ஒரு சீனக் குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

வாசித்தது சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு. 1979இல் தொடங்கியது. மண்டபத்தில் காசு வாங்கிக்கொண்டு வாசிக்கும் அதே குழு, இந்தப் புல்வெளிக்கு வரும்போது காசு கேட்பதில்லை. அன்னையர் தினத்தையொட்டி இங்கே நிகழ்ச்சி நடத்துவது அவர்கள் வழக்கம்.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். ஆனால் பிடில்கள் எல்லாம் ஒன்றாக எழும்பியபோது பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமா, இளையராஜா பாட்டுல வர்ற மாதிரியே இருக்கு!" கடைக்குட்டி இடையில் அழுதான். தங்கை அவனைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றாள், யாரும் திரும்பி முறைக்கவில்லை. அவள் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை பெற்ற பிறகு அவள் முழுதாகக் கேட்ட முதல் கச்சேரி அதுதான்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் எட்டு மூலை கொண்ட வெள்ளை மண்டபம் ஒன்று உண்டு. 1930இல் கட்டியது. அதற்கும் முன்பே, 1860களிலிருந்தே, அந்த மேட்டில் பட்டாளத்து வாத்தியக்காரர்கள் வாசித்திருக்கிறார்கள். இப்போது அங்கே இசை இல்லை, கல்யாணப் படம் எடுக்கிறவர்கள்தான் நிற்கிறார்கள்.

இலவசம் என்றால் யாரோ ஒருவர் முன்னாலேயே கொடுத்துவிட்டார் என்று பொருள். இசைக்குழுவுக்கு அரசாங்க மானியமும் நன்கொடைகளும் உண்டு. புல்வெளியைத் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. சிங்கப்பூர் பணக்கார ஊர், அவர்களால் முடியும், நம்மால் முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு மாற்றிக்கொண்டேன்.

"நம்ம தோட்டத்துத் திருவிழாவுல நாதஸ்வரம் கேட்க எவன்டா டிக்கெட் வாங்கினான்?" என்றார் அவர்.

யோசித்துப் பாருங்கள், அன்பர்களே. மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து மேளக்காரர் வந்தார். பாட்டுக் கச்சேரி வைத்தோம், நாடகம் போட்டோம், திடலில் திரை கட்டிப் படம் காட்டினோம். அதற்கெல்லாம் சம்பளம் போட்ட அன்று வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டினார்கள். தலைக்கு இவ்வளவு அல்ல, வீட்டுக்கு இவ்வளவு! எட்டுப் பிள்ளை பெற்றவரும் ஒரே வரிதான் கொடுத்தார், புதிதாய்க் கல்யாணமானவரும் அதேதான் கொடுத்தார். கொடுக்க முடியாத விதவையின் வீட்டைக் கோயில் தலைவர் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போனார். அவருடைய பிள்ளைகளும் முன் வரிசையில்தான் உட்கார்ந்தன.

குடும்பம் முழுவதும் கச்சேரிக்குப் போக முடியாமல் போனதற்கு டிக்கெட் விலை மட்டும் காரணம் அல்ல என்பது என் எண்ணம். தலையை எண்ணி விற்கத் தொடங்கியதுதான் காரணம். பட்டணத்தில் நிகழ்ச்சி நடத்தும் நம் சங்கங்களும் ஏற்பாட்டாளர்களும் 99 ரிங்கிட் டிக்கெட்டை 79 ஆக்கினாலும் ஆறு பேருக்கு 474 ஆகிறது. குடும்ப டிக்கெட் என்று ஒன்று வைத்து, பின்பக்கம் பாய் விரிக்க இடம் விட்டு, பகல் மூன்று மணிக்குத் தொடங்கினால் என்ன? இரவு 11 மணிக்கு முடிகிற நிகழ்ச்சிக்குத் தோட்டத்திலிருந்து வருகிறவர் வேன் வாடகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் டிக்கெட்டில் அச்சடிப்பதில்லை.

சிங்கப்பூரிலேயே இன்னோர் இடமும் உண்டு. 2002இல் திறந்த எஸ்பிளனேட் கலையரங்கில் நடப்பவற்றில் பெரும்பகுதி இலவசம். கடலைப் பார்த்த திறந்தவெளி அரங்கில் உட்கார்ந்து கேட்கலாம். இந்தியக் கலைகளுக்கான கலா உற்சவம் அங்கேதான் நடக்கிறது. ஆனால் கைக்குழந்தையும் பாட்டியும் இருக்கிற குடும்பத்துக்கு நான் பூமலையைத்தான் சொல்வேன். ஓடி விளையாட இடம் உண்டு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நிகழ்ச்சி எல்லா வாரமும் இருக்காது, எந்தத் தேதி என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். மழை வந்தால் நின்றுவிடும். சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். கொசு உண்டு. பாய் பெரியதாக இருக்கட்டும்.

எங்கள் நிகழ்ச்சி ஏழரை மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. பாலத்தில் நல்ல நெரிசல். கோயில் கமிட்டியில் பொருளாளராக இருக்கும் மாப்பிள்ளை பேருந்தில் நின்றுகொண்டே, பள்ளி உறுமி மேளப் பிள்ளைகளையும் பாட்டு ஆசிரியையையும் வைத்துத் திடலில் ஒரு மாலை நடத்த ஒலிபெருக்கி வாடகை எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டார். வீட்டுக்குப் பத்து ரிங்கிட் தண்டினால் போதுமா என்றும் கேட்டார். பெரியவள் முதல் பாட்டு என்னவென்று அதற்குள் முடிவு செய்துவிட்டாள். அம்மா தூங்கிப் போயிருந்தார்.