ஒஷினும் உம்மம்மாவும்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை நாடகம் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். கடந்த விடுமுறையில் நான் பார்த்தது புதிய நாடகம் அல்ல. ஜப்பானின் என்.எச்.கே. 1983 முதல் 1984 வரை 297 பகுதிகளாக ஒளிபரப்பிய "ஒஷின்". எங்கள் உம்மம்மா அதை இளம் வயதில் ரூபவாஹினியில் பார்த்தவர். அப்போது மொனராகலையில் எங்கள் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. பக்கத்து வீட்டில் கார் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் பாய் விரித்து இருப்பார்களாம். இப்போது என் தொலைபேசியில், கீழே வரும் ஆங்கில வரிகளை நான் வாசித்துச் சொல்ல, இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

ஏழு வயதில் ஒரு மூடை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படும் ஒஷின், இளம்பெண்ணானதும் கோட்டா என்பவனைச் சந்திக்கிறாள். வசதியான வீட்டில் பிறந்தும் ஏழை விவசாயிகளுக்காகப் போராடுகிறவன் அவன். இருவரும் பேசும் காட்சிகளில் பெரிய வசனங்கள் இல்லை. அவள் தலையை நிமிர்த்தும் விதத்திலேயே எல்லாம் தெரிகிறது. ஆனால் எஜமான் வீட்டு மகள் காயோவும் அவனையே விரும்புகிறாள். ஒஷின் விலகிக்கொள்கிறாள். பிறகு ரியூசோவை மணக்கிறாள். 1923 பூகம்பத்தில் எல்லாம் அழிந்து புகுந்த வீட்டுக்குப் போனால், அங்கே மாமியாரின் கொடுமை. தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் ரியூசோ தடுமாறுகிறான்.

"கோட்டாவையே முடிச்சிருக்கலாம்" என்றேன் கோபத்தோடு.

உம்மம்மா சிரித்தார். "பார்த்ததும் மனசுக்குப் புடிக்கிறது லேசு மகள். கஷ்டம் வந்தா என்ன செய்றாங்க, அதத்தான் பாக்கணும்."

பிறகு தன் கதையைச் சொன்னார். உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். அப்பாவின் கடை நட்டப்பட்டபோது உம்மம்மா அப்பம் சுட்டு விற்றிருக்கிறார். அப்பா ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் சுபஹுக்கு முன் எழும்பி, கேட்காமலே தேங்காய் துருவி வைப்பாராம்.

"மாமி ஏசக்குள்ள எனக்காக ஒரு சொல்லும் பேசல்ல. அது இன்னும் மனசுல ஈக்கி. அந்தத் தேங்காயும் ஈக்கி."

கடந்த நோன்பில் அப்பா வபாத்தானார். அவரைப் பாசம் காட்டத் தெரியாத மனிதர் என்றே நான் நினைத்திருந்தேன். அவரிடம் ஒரு நாளாவது நானாகப் போய்ப் பேசியிருக்கலாம்.

ரியூசோவும் மாறுகிறான். தனியாகப் பிள்ளையோடு போய் மீன் விற்கும் ஒஷினிடம் பின்னர் அவனே வந்து சேர்கிறான். ஆனால் ஒஷினை நிமிரச் செய்தது கோட்டாவோ ரியூசோவோ அல்ல. தலை அலங்காரம், தையல், மீன் வியாபாரம் என்று அவள் கற்றுக்கொண்ட தொழில்கள்தான். உம்மம்மாவுக்கு அப்பச்சட்டி. எனக்குப் புத்தகம்.

இப்போது படிப்பதற்காக நானும் சுபஹுக்கு முன் எழும்புகிறேன். முதலில் உம்மம்மாவுக்குத் தேங்காய் துருவி வைக்கிறேன். நாடகத்தின் மிச்சப் பகுதிகள் பரீட்சைக்குப் பிறகுதான். அது உம்மம்மாவின் கட்டளை.