காதைத் திறந்து வைத்து மிதியுங்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும், நான் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டுப் போங்கள். வானொலியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் இப்படிச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். “அப்போ உன் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டாமா?” என்கிறார்கள். சைக்கிளில் இருக்கும்போது வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்; நாளைக்கும் நான் பேசத்தான் போகிறேன்.

எங்கள் ஊர் ஹுத்தான் மெலிந்தாங். பேராக்கின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில், தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகும் வழியில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் ரப்பரும் தென்னையுமாக இருந்த நிலத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை. மேடு பள்ளம் இல்லாத தட்டையான பூமி, காலை நேரத்து மெல்லிய பனி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேர் ரோடு. கொரோனா காலத்துக்குப் பிறகு வார இறுதியில் வெளியூர்க்காரர்களும் கூட்டமாகச் சைக்கிளில் வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த அமைதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. கோலாலம்பூர் நெரிசலில் நாம் பயந்து பயந்துதான் ஓட்டுவோம். அந்தப் பயமே நம்மைக் காப்பாற்றிவிடும். ஆளில்லாத தோட்டத்து ரோட்டில் பயம் போய்விடுகிறது. கண் கொக்கைப் பார்க்கிறது. மனசு ஆபீசுக்குப் போய்விடுகிறது. ‘ரோடு காலி’ என்று நாம் நினைப்பது போலவே, பின்னால் வருகிற ஓட்டுநரும் நினைக்கிறார். இரண்டு பேரும் ஒரே எண்ணத்தோடு ஒரே ரோட்டில் போகிறோம். சிக்கலே அதுதான்.

போன மாதம் அக்கா மகன் காதில் இயர்போனோடு சைக்கிளை எடுத்தான். படிவம் இரண்டு படிக்கிறான்.

“எங்கேடா போற, அதை மாட்டிக்கிட்டு?”

“ரோட்டுல ஒருத்தரும் இல்லையே, சின்னம்மா.”

“இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?”

“பார்த்தாலே தெரியுதே.”

“முன்னாடி பார்த்தா தெரியும். பின்னாடி?”

பதில் இல்லை. அவனை உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் நாட்டில் கூட்டரசு, மாநில ரோடுகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு வாகனம் ஒரு வினாடியில் 25 மீட்டர் ஓடிவிடும். நிதானமாக மிதிக்கிற நாம் 5 மீட்டர் போவோம். அப்படியென்றால், ஒவ்வொரு வினாடியும் நமக்கும் அதற்கும் இடையில் 20 மீட்டர் குறைகிறது. கறுப்புச் சட்டை போட்ட ஒருவரை ஓட்டுநர் 50 மீட்டரில்தான் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது இரண்டரை வினாடி. பின்பக்கச் சிவப்பு விளக்கு இருந்து, 200 மீட்டரிலேயே பார்த்துவிட்டால் 10 வினாடி. பையன் இயர்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

சைக்கிளில் பின்கண்ணாடி கிடையாது. காதுதான் அந்த வேலையைச் செய்கிறது. பழகிய காதுக்கு எவ்வளவோ தெரியும். குலை ஏற்றிய லோரியின் எஞ்சின் முக்கிக்கொண்டு வரும். வெறும் லோரியில் இரும்பு கடகடவென்று ஆடும். வேகமும் அதிகமாக இருக்கும். ஒரு வாகனம் கடந்து போனதும் அந்தச் சத்தத்துக்குள் இரண்டாவது வாகனம் மறைந்து வரலாம். ஆகவே ஒன்று போய்விட்டது என்று உடனே வலப்பக்கம் ஒதுங்கக் கூடாது. மின்சாரக் கார்களோ எஞ்சின் சத்தமே இல்லாமல், டயர் உரசும் ஒலியோடு மட்டும் வருகின்றன. எதிர்காற்று காதில் இரைந்தால் அதுவும் கேட்காது. அதனால் அடிக்கடி வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பும்போது கைப்பிடியும் கூடவே வலப்பக்கம் இழுக்கும். இதைத் திடலில் பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

காதைப் போலவே கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி, சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள். அன்றிலிருந்து நமக்குச் சூரியன் காலை 7 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழுகிறது. பள்ளிக்கோ அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஆறரை மணிக்குச் சைக்கிளில் போகிற பிள்ளை இருட்டில்தான் போகிறது. பால் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகளுக்கு இது தெரிந்திருந்தது. விடியுமுன் மரத்தடிக்குப் போக நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டார்கள். பழைய ராலே சைக்கிளில் டைனமோ விளக்கு இருந்தது. இன்றைய விலை உயர்ந்த சைக்கிள்கள் பலவற்றில் விளக்கே இல்லை.

2017 பிப்ரவரி 18 விடியற்காலை மூன்று மணிக்கு மேல், ஜொகூர் பாருவில் ஒரு வளைவான இருண்ட ரோட்டில் சைக்கிள் கூட்டத்தின் மீது கார் மோதியதில் எட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். 13 முதல் 16 வயதுக்குள் இருந்தவர்கள். வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. கீழ் நீதிமன்றம் இரண்டு முறை ஓட்டுநரை விடுவித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் ஆறு ஆண்டுச் சிறை விதித்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நாடே இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதிட்டது. எந்தப் பக்கம் நின்று பேசினாலும், அந்த எட்டு வீடுகளில் பிள்ளைகள் இல்லை. யார் மீது தப்பு என்பதை நீதிமன்றம் பிறகு முடிவு செய்யும். வீடு திரும்புவதை நாம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ரோடுகளும் அமைதியானவை என்று நம்பிவிட முடியாது. 2025 மே 13 காலை, தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி விழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸார் ஒன்பது பேர், கல் ஏற்றி வந்த லோரி மோதி இறந்தார்கள். நம் திருவிழாவுக்காகக் கண்விழித்தவர்கள். பெரிய வண்டியில் வந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், இரண்டு மெல்லிய சக்கரத்தில் போகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

தோட்டத்து ரோட்டுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. இரு பக்கமும் கால்வாய் இருப்பதால் பலர் ஓரத்தோடு ஓரமாக ஓட்டுகிறார்கள். அது தவறு. ஓரத்தில்தான் உதிர்ந்த பழம், மட்டை, சரளைக்கல் எல்லாம் கிடக்கும். வழுக்கினால் தண்ணீரில்தான் விழ வேண்டும். ஒரு முழமாவது உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில் போங்கள். தோட்டத்து மண் ரோடு பெரிய ரோட்டில் சேரும் இடத்தில், லோரி டயரில் வந்த சேறு படிந்திருக்கும். மழைக்குப் பிறகு அங்கே பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். அந்தச் சந்திப்பில் லோரி நின்றால் ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை என்றால் நீங்கள் நில்லுங்கள். திரும்பப் போகிற லோரியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும். பெண்கள் கைப்பையைத் தோளில் தொங்கவிட வேண்டாம். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். செம்பனைக்குள் போன பிறகு கைப்பேசிக்கு எப்போதும் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இதையெல்லாம் படிப்பவர்கள் ஹெல்மெட்டும் விளக்கும் வாங்கிக்கொள்வார்கள். என் கவலை இதைப் படிக்காதவர்களைப் பற்றியது. கடைக்குப் போகும் தாத்தா, பள்ளிக்குப் போகும் பிள்ளை, வேலை முடிந்து இருட்டில் திரும்பும் வங்காளதேசத் தொழிலாளி. எங்கள் ரோட்டில் தினமும் சைக்கிள் மிதிப்பவர்கள் இவர்கள்தான். பின்னால் மாட்டும் ஒரு சிவப்பு விளக்கு இரண்டு பேர் கடையில் சாப்பிடும் செலவுக்குள் கிடைக்கிறது. அடுத்த முறை உங்களுக்கு வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். இன்னொன்றை யார் சைக்கிளில் மாட்ட வேண்டும் என்பது உங்கள் தெருவைப் பார்த்தாலே தெரியும்.