எண்ணில் அடங்காத இரக்கம்

நல்ல கதையொன்றைப் படித்து முடித்த பின்னும் அதன் உலகை விட்டு வெளியேற மனம் இசைவதில்லை. அந்த மலைக்கு அப்பால் என்ன இருந்தது, அந்தச் சத்திரத்தில் வேறு யார் தங்கினர் என்று உள்ளம் வினவிக்கொண்டே இருக்கும். இந்த ஏக்கத்திற்கு மேலைநாட்டார் கண்ட விடைகளுள் ஒன்று, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு. நான்கைந்து பேர் கூடுவர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தம் செயலையும் சொல்லையும் வாய்மொழியாகவே உரைப்பர். முடிவு ஐயத்திற்குரியதாகும்போது பகடை உருட்டப்படும். 1974இல் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி.

அதன் முதற்பதிப்பிலேயே டோல்கீனின் ஹாபிட்டுகள் குடிபுகுந்துவிட்டனர். உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பின் அப்பெயர் மாற்றப்பட்டது. ஆனால் ஒரு கதையிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வது வேறு. அக்கதையின் உலகை உயிரோடு பெயர்த்து நடுவது வேறு. இத்தகைய விளையாட்டுகளின் விதிநூல்களையும் நாவல்களைப் போலவே ஊன்றிப் படிக்கும் வழக்கமுடைய எனக்கு, இந்த இரண்டாவது பணி ஓர் ஆன்மிகச் சிக்கலாகவே தோன்றுகிறது.

1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஒரு கத்தோலிக்கரின் படைப்பு. டோல்கீனின் தாய் 1900இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார், 1904இல் இறந்தார். பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்த சிறுவனுக்கு, பர்மிங்காம் ஆரட்டரியைச் சேர்ந்த அருள்தந்தை ஃபிரான்சிஸ் மார்கன் காப்பாளரானார். தம் நாவல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பே என 1953இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு டோல்கீன் எழுதினார். ஆயினும் அதில் ஆலயமும் இல்லை, வழிபாடும் அரிது. விசுவாசம் மண்ணுக்குள் வேராக மறைந்திருக்கிறது. தீய மோதிரத்தை அழிக்கும் பயணம் டிசம்பர் 25 அன்று தொடங்குகிறது. மோதிரம் மார்ச் 25 அன்று அழிகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவும், வானதூதர் கன்னி மரியாவுக்கு மங்கள வார்த்தை உரைத்த விழாவும் நம் நினைவுக்கு வராமலா போகும்?

படைத்தவரின் சாயலில் உண்டாக்கப்பட்டதாலேயே மனிதனும் படைக்கிறான் என்பது டோல்கீனின் கொள்கை. தம் புனைவுலகில் பிறர் கைகளுக்கும் இடம் விட வேண்டும் என்று அவர் ஒருகாலத்தில் விரும்பியதுண்டு. அந்த இடத்தில்தான் விளையாட்டு ஆசிரியர்கள் நுழைந்தனர். 1984இல் வந்த 'மிடில் எர்த் ரோல் பிளேயிங்' நாவலின் நிகழ்ச்சிகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்தைத் தன் களமாகக் கொண்டது. 2011இல் பிரான்செஸ்கோ நெப்பிட்டெல்லோ முதன்மையாக உருவாக்கிய 'த ஒன் ரிங்' அக்கதையுலகின் 2946ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆசிரியர் அதிகம் பேசாத காலங்களையே இரண்டும் தேடிச் சென்றன. முடிவு தெரிந்த இடத்தில் ஆடுவோருக்குச் சுதந்திரம் இல்லையன்றோ? நற்செய்திக் காட்சிக்குள் நம்மையும் நிறுத்தி, பார்த்து, கேட்டுத் தியானிக்கப் புனித இஞ்ஞாசியார் கற்பித்தார். செபமும் விளையாட்டும் ஒன்றல்ல. ஆயினும் கதைக்குள் நுழைந்து மறுமொழி கூறும் ஆவல் இரண்டிற்கும் பொது.

களம் கிடைத்துவிடலாம், எதை எண்ணுவது என்பதே கடினமான கேள்வி. புள்ளி எதற்குக் கிடைக்கிறதோ அதையே ஆடுவோர் நாடுவர். தொடக்ககால விளையாட்டுகள் பகைவரைக் கொல்வதற்கும் பொன்னைக் கவர்வதற்கும் புள்ளி தந்தன. 'த ஒன் ரிங்' வேறு வழி கண்டது. அதில் ஒவ்வொருவருக்கும் 'நம்பிக்கை' ஓர் அளவு. 'நிழல்' மற்றோர் அளவு. தீச்செயல் புரிந்தால் நிழல் வளரும்; கொடுமையைக் கண்ணால் கண்டாலும் வளரலாம். நிழல் நம்பிக்கையை எட்டும்போது வீரனும் துயருற்றுத் தளர்வான். விதிநூலிலும் மனச்சான்று பேசலாம் என்பதை இதில் கண்டு மகிழ்ந்தேன்.

ஆயினும் நாவலின் உச்சக்கட்டம் எந்த விதிக்கும் அடங்குவதில்லை. எரிமலையின் விளிம்பில் ஃபுரோடோ தோற்றுப்போகிறான். மோதிரத்தை எறிய மறுத்துத் தனதாக்கிக்கொள்கிறான். பகடை அங்கே அவனைக் கைவிட்டது எனலாம். உலகைக் காத்தது வேறொன்று. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பில்போ, கொல்லத்தக்க நிலையில் நின்ற கோல்லமைக் கொல்லாமல் விட்டிருந்தான். பின்னர் ஃபுரோடோவும் அவனுக்கு இரங்கினான். அந்தக் கோல்லமே இறுதியில் மோதிரத்தைப் பறித்து, அதனோடு நெருப்பில் விழுகிறான். இரக்கம் காட்டிய நாளில் அதற்கு எந்தப் புள்ளியும் இல்லை. இதை விதியாக்கி, பகைவனை மன்னித்தால் இத்தனை புள்ளி என்று எழுதினால், மறுகணமே அது இரக்கமாக இராது, வணிகமாகிவிடும். நல்ல விதிநூல் செய்யத்தக்கது ஒன்றே: எண்ணாத ஓர் இடத்தை விட்டுவைத்து, உயிர்பிழைத்த பகைவனை மறவாதிருக்குமாறு கதை நடத்துபவரிடம் கூறுவது.

1980களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் இவ்விளையாட்டுகளில் அலகையின் கை இருப்பதாக அஞ்சினர். பிள்ளைகள் மேசையில் பேசும் மந்திரத்தைவிட, அங்கே எதற்குப் பரிசு கிடைக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிப்பது நலம் என்பேன்.

அக்கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டுப் பார்க்கலாம். நற்செய்தி என்னும் மாபெரும் கதையை நாமும் விதிகளாகப் பெயர்த்து வாழ்கிறோம். சொன்ன செபமாலைகளையும், முடித்த நவநாள்களையும், கொடுத்த காணிக்கைகளையும் எண்ணி வைக்கிறோம். அந்த ஒழுங்கு வேண்டியதே. விதியின்றி ஆட்டம் இல்லை. ஆனால் கடைசி மணி நேரத்தில் வந்த வேலையாளுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்ட உரிமையாளர் நம் கணக்கேட்டைப் பார்த்து எழுதுபவர் அல்லர். நாம் தோற்று நிற்கும் விளிம்பில் நம்மைத் தாங்கப்போவது, என்றோ யாரோ நம் பொருட்டுக் காட்டி மறந்த ஓர் இரக்கமாகவும் இருக்கக்கூடும்.