இனிப்பைத் துறந்த கனி

பழத்தின் ருசி என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி அதன் இனிப்பே என்பதையும், அந்த இனிப்பு அடியோடு நீங்கிய பின்னரும் ஒரு பழம் தன் நிறத்தாலும் புளிப்பாலும் கொட்டையின் மணத்தாலும் தான் இன்னதென்று அறிவித்து நிற்க வல்லது என்பதையும், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 'க்ரீக்' என்று வழங்கும் புளிப்புச் செர்ரிப் பீரைச் சுவைத்தபோதுதான் நான் ஐயமறத் தெரிந்துகொண்டேன்.

அந்நகரின் ஆண்டர்லெக்ட் பகுதியில், மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்து சேரக்கூடிய தூரத்தில், 1900-இல் தொடங்கப்பெற்ற கான்டியோன் பீர் ஆலை இருக்கிறது. க்ரீக்குக்கு ஆதாரமான லாம்பிக் என்னும் பழைய பீர் வகையைக் காய்ச்சி வந்த ஆலைகள் பிரஸ்ஸல்ஸில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்த காலத்தில், கான்டியோன் குடும்பத்தின் மருமகனாகிய ழான்-பியர் வான் ரோய் சம்பிரதாயத்தைக் கைவிட மறுத்ததோடு, 1978-இல் ஆலையையே பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டு, தொழில் நடந்துகொண்டிருக்கும் பொருட்காட்சிசாலையாக்கினார். உள்ளே நுழைகிறவருக்கு முதலில் தென்படுவது தூசும் ஒட்டடையும்தான். அவற்றை அசிரத்தையின் அடையாளமாகக் கொள்வது பெரும் பிழையாகும். பழத்தை நாடி வரும் ஈக்களைத் தின்பது சிலந்தி என்பதால் அங்கே சிலந்தியைக் கொல்வதில்லை, அதன் வலையைக் கலைப்பதுமில்லை.

முளைகட்டிய பார்லி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், முளைகட்டாத கோதுமை ஒரு பங்குமாகச் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து இறுத்த சாற்றை, கசப்பு தணிவதற்கென்றே இரண்டு மூன்று ஆண்டுகள் பழகவிட்ட ஹாப் பூக்களோடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, கூரையை அடுத்துள்ள ஆழமற்ற, அகன்ற செப்புத் தொட்டியில் ஓர் இரவு முழுவதும் திறந்தபடியே ஆறவிடுகிறார்கள். மற்ற ஆலைக்காரர் தாம் வளர்த்துவைத்த ஈஸ்டை அளந்து இடுகிற இந்தக் கட்டத்தில், இவர்கள் தம் கையால் ஒன்றும் இடுவதில்லை; சாளரங்களின் வழியே வரும் குளிர்ந்த இரவுக் காற்றும், பழைய மரச்சட்டங்களில் குடியிருக்கும் கண்ணுக்குப் புலனாகாத ஜீவராசிகளும் தம் இஷ்டப்படி வந்து சேரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கோடையில் காற்றில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடுமாகையால், அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையில்தான் காய்ச்சுவது வழக்கம். விடிந்ததும் சாறு பீப்பாய்களுக்குள் போகிறது. பெரும்பாலும் முன்பு திராட்சை மதுவைத் தாங்கியிருந்த ஓக் மரப் பீப்பாய்கள் அவை. ஓராண்டோ, ஈராண்டோ, மூன்றாண்டோ அங்கே அது கிடக்கும்போது, லாக்டிக் அமிலத்தைத் தரும் நுண்ணுயிர்களும், அவற்றுக்குப் பின்னே நிதானமாக வேலை செய்யும் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்டும் மாறி மாறி அதை ஆளுகின்றன. இந்த ஈஸ்டை 1904-இல் உலகுக்கு அறிவித்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாசன் என்பவர். ஆனால் பெயர் தெரியாமலே அதனோடு கூடி வாழக் கற்ற பிரஸ்ஸல்ஸ் தொழிலாளிகளுக்கும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

செர்ரி சேருவது கோடையில். ஜூலை மாதத்தில் பழம் வந்திறங்கியதும், லிட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் என்ற கணக்கில் முழுப் பழங்களைக் கொட்டையோடு பீப்பாயில் நிரப்பி, அதன்மேல் பதமான லாம்பிக்கை ஊற்றுகிறார்கள். பழத்தின் சர்க்கரை கிடைத்ததும், உறங்கியது போலிருந்த ஈஸ்ட் விழித்தெழுந்து அதை உண்ணத் தொடங்குகிறது. சில மாதங்களில் சர்க்கரை தீர்ந்து, தோலின் சிவப்பு பீரில் இறங்கி, கொட்டைக்குள் இருக்கும் வாதுமை மணமும் கசிந்து வந்துவிட்ட பிறகு, வெளுத்த சக்கையே அடியில் மிஞ்சும். விசேஷமாகத் தயாராகும் 'லூ பேப்பே' என்ற வகைக்கு ஈராண்டு பழகிய லாம்பிக்கையும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பழத்தையும் கொள்கிறார்கள். எனக்கு வாய்த்தது அதில் ஒரு கிண்ணம்.

ஊற்றும்போது இளஞ்சிவப்பாய் எழுந்த நுரை, நான் அதைக் கண்ணால் அளந்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. கீழே நின்ற நிறம் மாணிக்கத்தின் சிவப்பு. முகர்ந்தபோது முதலில் வந்தது பழத்தோலின் வாசனை. அதை விலக்கிக்கொண்டு, மழைக்குப் பின் தொழுவத்தில் கிடக்கும் வைக்கோலை நினைப்பூட்டும் ஒரு கனத்த மணம் வந்தது. அது அந்தக் காட்டு ஈஸ்டின் கைவண்ணம். வாயில் பட்ட மாத்திரத்தில் புளிப்பு நாவின் இரு விளிம்புகளையும் பற்றி இழுத்தது. இனிப்பு பின்னாலே வருமென்று பழக்க தோஷத்தால் நாக்கு காத்திருந்தது, வரவில்லை. அந்த இடம் காலியாகவே இருந்ததால்தான், இதுவரை இனிப்பின் ஆரவாரத்தில் என் கவனத்துக்கு எட்டாமலிருந்த குணங்கள், தோலின் துவர்ப்பும், கொட்டையின் மெல்லிய கசப்பு கலந்த வாதுமைப் பரிமளமும், ஓக் மரத்தின் வறண்ட நயமும், ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மை வெளிப்படுத்திக்கொண்டன. விழுங்கிய பின் வாய் உலர்ந்து சுத்தமாயிற்று. அந்த உலர்ச்சியே அடுத்த மிடறைக் கேட்டது. புட்டிப் பானங்களில் செர்ரி என்ற பெயரால் நான் அறிந்திருந்ததெல்லாம் சர்க்கரையும் சாயமுமே என்று அப்போது பிரத்தியட்சமாயிற்று.

க்ரீக் என்ற பெயரிலேயே இனிப்புச் சேர்த்த பீர்களும் ஏராளமாக விற்கின்றன. அவற்றை விரும்புவோர் விரும்பட்டும். ஆனால் ஈஸ்ட் மாதக்கணக்கில் பாடுபட்டு நீக்கிய ஒன்றைக் கடைசி நாளில் மீண்டும் கொட்டுவதற்கு, அத்தனை காலம் காத்திருந்திருக்க வேண்டுவதே இல்லை. 'ஔடே க்ரீக்' என்ற பெயருக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பழைய முறையை நாடுகிறவர் சீட்டில் அந்தச் சொற்களைத் தேடிப் பார்த்து வாங்கலாம்.

இந்தப் பானம் இன்று அபூர்வமாகிவிட்டதற்குக் காரணம் மூன்று. காலம் நீண்டது, ஆலைகள் சில, பழமோ அருகிவிட்டது. நகரின் வடகிழக்கே உள்ள ஸ்கார்பீக் ஒரு காலத்தில் செர்ரித் தோப்புகள் நிறைந்த கிராமம்; விளைபொருளைக் கழுதைகள்மேல் ஏற்றிப் பிரஸ்ஸல்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்ததால் 'கழுதைகளின் ஊர்' என்ற பட்டமும் அதற்கு உண்டு. 1867-க்கும் 1871-க்கும் இடையே சென் நதியையே மூடி அதன்மேல் அகன்ற வீதிகளை அமைத்த நகரம், அந்தத் தோப்புகளின் மீதும் வீடுகளைக் கட்டிக்கொண்டது. சிறிய, கருமை கலந்த, சதை குறைந்து கொட்டை பெருத்த ஸ்கார்பீக் செர்ரி இப்போது பெரும்பாலும் நகருக்கு வெளியே வீட்டுத் தோட்டங்களில்தான் அகப்படுகிறது. கைக்கு எட்டிய அளவு சேர்த்து அதனால் மட்டும் செய்த க்ரீக்கைத் தெற்கே பேர்சல் என்ற சிற்றூரில் 'திரீ ஃபான்டெய்னன்' ஆலையார் விடுகிறார்கள். அந்த ஆலையை நடத்திய அர்மான்ட் டெபெல்டர், 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிக் கிடங்கு சூடேறியதில் ஆயிரக்கணக்கான புட்டிகள் வெடித்துப்போக, எஞ்சிய பீரைச் சாராயமாக வடித்து விற்றுத் தொழிலைக் காப்பாற்றினார். பல ஆண்டுகளின் உழைப்பு ஓரிரவில் போகக் கண்டும் மறுபடி பீப்பாய்களை நிரப்ப முற்பட்ட அந்த மனிதரிடத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அருமையான பொருள் என்ற காரணத்தாலேயே இதைப் பலர் வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். அதிக விலைக்கு மறுபடி விற்கிறவர்களும் உண்டு. பழம் சேராத லாம்பிக் கலவையாகிய க்யூஸ் புட்டியில் பல்லாண்டு தாங்கி வளரும். க்ரீக்கின் சுபாவமோ வேறு. நாள் செல்லச் செல்ல முதலில் மங்குவது செர்ரியின் மணமே. புளிப்பும் மரமும் நிற்க, எந்தப் பழத்துக்காக அதைச் செய்தார்களோ அந்தப் பழம் அதில் இராது. ஆகவே புட்டி கிடைக்கப்பெற்றவர், அடுத்த அறுவடைப் பழம் பீப்பாய்க்குப் போகுமுன்னரே, பனிக்குளிரில் அன்றி நிலவறைக் குளிர்ச்சியிலேயே வைத்திருந்து, வண்டல் கலங்காதவாறு கூடையில் சாய்த்தபடி மெல்லத் திறந்து, ரசிக்கத் தெரிந்த நண்பர்கள் இரண்டொருவரோடு சேர்ந்து அருந்திவிடுவதே அதைச் செய்தவர்களுக்குச் செய்யும் நியாயம்.