கேரவனும் அப்பாவோட ஈரத் துண்டும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. இன்னிக்கு மொக்கை போடாம, போன கோடையில ஒரு கேரவனுக்குள்ள நாங்க வெந்த கதையைச் சொல்றேன்.

ஊர்ல இருந்து அப்பாவும் அம்மாவும் மெல்போர்ன் வந்திருந்தாங்க. கிரேட் ஓஷன் ரோடு கூட்டிட்டுப் போய்க் காட்டினா, "கன்னியாகுமரியே நல்லாத்தானப்பா இருக்கு"ன்னாரு அப்பா. சரி, வேற மாதிரி ஏதாவது செய்வோம்னு ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, கார் பின்னாடி மாட்டிக்கிட்டு மில்டூரா கிளம்பிட்டோம். 540 கிலோமீட்டர். மர்ரே ஆத்தங்கரை, திராட்சைத் தோட்டம்னு தங்கமணி பெரிய லிஸ்டே வச்சிருந்தாங்க. ஜனவரி மாசம். அங்க அதுதான் அக்னி நட்சத்திரம்.

கேரவன் பார்க்ல வண்டியை நிப்பாட்டும்போதே அப்பா சொன்னாரு. "தம்பி, இந்தச் சுவரு மேக்கப் பாத்து நிக்குது. சாயங்கால வெயில் பூரா இதுலதான் விழும். திருப்பி நிப்பாட்டேன்."

"இல்லப்பா, இப்படி நின்னாத்தான் ஆறு தெரியும். உள்ள ஏசி இருக்கு, நீங்க கவலைப்படாதீங்க."

அவர் அதுக்கு மேல ஒண்ணும் பேசல. நான் என்ன சொன்னாலும் "சரிப்பா"ன்னு ஒதுங்கிக்கிறது அந்த மூணு மாசமா நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நானும் அதைக் கண்டுக்கல.

ரெண்டாம் நாள் 43 டிகிரி. பார்க்ல இருந்த அத்தனை கேரவன்லயும் ஏசி ஓடுது. மத்தியானம் ரெண்டரைக்கு டப்புனு கரண்ட் போச்சு. ஆஸ்திரேலியாவுல பவர் கட்! அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கல. கேரவன் சுவருங்கறது மெல்லிசான அலுமினியத் தகடு, நடுவுல கொஞ்சம் தெர்மாகோல் மாதிரி ஒண்ணு. அவ்ளோதான். ஒரு மணி நேரத்துல உள்ள 46. தோசைக்கல்லு மேல உக்காந்த மாதிரி இருந்துச்சு.

அப்பதான் அப்பாவோட இன்சுலின் ஞாபகம் வந்துச்சு. ஃபிரிட்ஜைத் திறந்தா உள்ள 24 காட்டுது. காலையில 6 இருந்துச்சு. கேரவன் ஃபிரிட்ஜ் நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லீங்க. கம்ப்ரஸரே கிடையாது. அமோனியாவைச் சூடு பண்ணி ஓடுற சமாச்சாரம்; கரண்ட் இல்லேன்னா கேஸ்ல ஓடும். ஆனா பின்பக்கம் இருக்கற ஜன்னல் வழியா சூட்டை வெளிய தள்ளினாத்தான் உள்ள குளிரும். அந்த ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அதே மேக்குப் பக்கம். போதாததுக்கு எல்லாரும் தண்ணி தண்ணின்னு கதவைத் திறந்து திறந்து மூடினோம்.

பார்க் ஆபீஸ்ல ஐஸ் காலி. அம்மாவையும் தங்கமணியையும் கார்ல ஏத்திக்கிட்டு டவுனுக்கு ஓடினேன். கார்ல ஏசி இருந்துச்சு, இன்சுலினையும் எடுத்துட்டுப் போயிருக்கலாம். அந்தப் பதட்டத்துல தோணவே இல்ல (இதுல நான் இன்ஜினியர் வேற!). அப்பா வரமாட்டேன்னுட்டாரு. "நான் மரத்தடியிலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க."

ரெண்டு கடை ஏறி இறங்கி, ஒரு மணி நேரம் கழிச்சு ஐஸோட வந்தா, மரக்கிளையில அம்மாவோட எவர்சில்வர் தூக்குவாளி தொங்குது. சுத்தி ஈரத் துண்டு. துண்டோட ஒரு முனை மேல கட்டியிருந்த தண்ணிப் பாத்திரத்துல முங்கிக் கிடக்கு. தண்ணி தானா ஊறி இறங்குது. அனல் காத்து அடிக்க அடிக்க துண்டு ஜில்லுனு இருக்கு. தூக்குக்குள்ள தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 23! அதே நேரம் ஃபிரிட்ஜுக்குள்ள 28.

நான் ஐஸை உள்ள கொட்டப் போனேன். தடுத்துட்டாரு. "நேரா ஐஸ் மேல வைக்காத. உறைஞ்சாலும் மருந்து செத்துப்போகும்."

"இதெல்லாம் எப்பப்பா கத்துக்கிட்டீங்க?"

"நீ நாமக்கல் ஹாஸ்டல்ல இருந்தியே, 2012ல. பாதி நாளு கரண்டு இருக்காது. மானாமதுரைப் பானை ஒண்ணு வாங்கி, மணலுக்குள்ள வச்சு, ஈரத்துணி சுத்தி வச்சிருந்தோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவருக்கு இன்சுலின் ஆரம்பிச்சது நான் ஆஸ்திரேலியா வந்த பிறகுன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா மெதுவா சொன்னாங்க, "ப்ளஸ் டூ படிக்கிற புள்ளைகிட்ட எதுக்குன்னு சொல்லல. அப்புறம் சொல்றதுக்கு நேரமே வரல."

ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 2400 கிலோஜூல் சூட்டை இழுத்துக்கிட்டுப் போகும். பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவன் நான். 1890கள்ல மேற்கு ஆஸ்திரேலியாவுல தங்கம் தோண்டப் போனவங்க கூட இதே மாதிரி ஈரச் சாக்கு தொங்கவிட்ட பெட்டியிலதான் சாப்பாட்டை வச்சிருந்தாங்க. கூல்கார்டி சேஃப்னு அதுக்குப் பேரு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா துண்டை நனைச்சது அப்பாதான்.

மறுநாள் காலையில முதல் வேலையா வண்டியைத் திருப்பி நிப்பாட்டினேன். அப்பா பின்னாடி நின்னு "வா, வா, இன்னும் ஒடி"ன்னு கை காட்டினாரு. அந்த மூணு மாசத்துல அவர் குரல் அவ்ளோ சத்தமா கேட்டது அன்னிக்குத்தான். சுகர் பார்த்தோம், வழக்கம் போலதான் இருந்துச்சு.

யாராவது கேரவன் எடுத்தா, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது:

1. ஃபிரிட்ஜ் பக்கம் மேக்கப் பாத்து நிக்கவே கூடாது. பந்தல் இருக்கற பக்கம் மேக்கால இருக்கட்டும்.

2. விடியக்காலையில கூரை ஜன்னலையும் நிழல் பக்க ஜன்னலையும் திறந்து வைங்க. வெயில் ஏறினதும் எல்லாத்தையும் சாத்திடுங்க.

3. ஜன்னலுக்கு மறைப்பு வெளிப்பக்கம் போடுங்க. உள்ள போட்டா சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துடும்.

4. உள்ள அடுப்பு பத்த வைக்காதீங்க.

5. ஈரத் துணி வித்தை காஞ்ச காத்துலதான் பலிக்கும். சென்னைப் புழுக்கத்துல இந்த அளவுக்கு எதிர்பார்க்காதீங்க.

6. கூட அப்பா வந்திருந்தா, எங்க நிப்பாட்டலாம்னு அவரைக் கேளுங்க.

டிஸ்கி: இன்சுலின் விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு. இது அவசரத்துக்கு எங்க அப்பா செஞ்சது. ஊருக்குத் திரும்பும்போது அந்தத் துண்டை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு. மறந்துட்டாரா, வேணும்னே விட்டாரான்னு நான் இன்னும் கேக்கல :)