மடை வாயும் நண்டு வளையும்

போன வருசம் கடலைக்காட்டுல களை எடுத்துட்டு இருந்தப்ப நெஞ்சுக்குள்ள படபடன்னு அடிச்சது. வலி கிடையாது. கூடைக்குள்ள அடைச்ச கோழி றெக்கை அடிக்கிற மாதிரி. நாடியைப் பிடிச்சுப் பார்த்தா தாளமே இல்லை.

ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குமாம். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதுக்கு ஒரு மாத்திரை, தாளத்துக்கு ஒரு மாத்திரை. ஆறு மாசமாகியும் தாளம் அடங்கல. அப்புறம்தான் கதீட்டர் அப்லேஷன்.

எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேனுங்க. நுரையீரல்ல இருந்து சுத்த ரத்தம் கொண்டுவர்ற சிரைகள் பெரும்பாலும் நாலு. இந்தக் கள்ள மின்சாரம் பெரும்பாலும் அதுகளுக்குள்ள இருந்துதான் கிளம்புதுன்னு 1998-ல பிரான்சு நாட்டு போர்தோ நகரத்து டாக்டர்கள் எழுதினாங்க. தொடை இடுக்குச் சிரை வழியா மெல்லிசான குழாயை இதயத்துக்கு ஏத்தி, நடுச்சுவரைத் துளைச்சு இடப்பக்கம் போய், அந்த நாலு மடை வாயையும் சுத்திச் சூடு வைக்கிறாங்க. தழும்பு வழியா மின்சாரம் தாண்டாது. ரத்தம் வழக்கம்போலப் பாயும். வரப்புல ஒரு நண்டு வளை விட்டாலும் தண்ணி கசியுமே, அங்கயும் அதே கதைதான்; சிலருக்கு ரெண்டாம் தடவை செய்யவேண்டி வருது.

மூணாம் வாரம் ராத்திரி மறுபடி கோழி றெக்கை அடிச்சுது. மாடு வித்த காசு போச்சேன்னு விடிய விடிய முழிச்சுக் கிடந்தேன். புண் ஆறுற வரைக்கும், முதல் ரெண்டு மூணு மாசம் அப்படி வரலாம், அதை வச்சுத் தோல்வின்னு சொல்ல முடியாதுன்னார் டாக்டர். நெசமாவே அப்புறம் அடங்கிடுச்சு.

அங்கதான் புத்தி கெட்டுப்போச்சு. சோளத்தட்டு அறுக்கும்போது அருவா லேசாப் பட்டாலும் ரத்தம் நிக்கிறதில்லை. அதான் தாளம் சரியாயிருச்சேன்னு உறையாம இருக்கிற மாத்திரையை நானா நிறுத்திட்டேன். ஒன்பது நாள். டாக்டர் கிட்டச் சொன்னதும் மனுசன் எழுந்தே நின்னுட்டார். சூடு வச்சது தாளத்துக்கு. பக்கவாதக் கணக்கு வேறயாம், வயசு, பி.பி., சர்க்கரையை வச்சுப் போடுறது. எனக்கு மூணும் இருக்கு.

இப்ப மாத்திரை டப்பா வீட்டுக்காரம்மா கையில. அருவாளும் அவங்க கையிலதான்; தட்டு அறுக்க ஆள் விட்டிருக்காங்க. நான் மடை திருப்பிவிடப் போறேன்.